மைனாவின் சொந்தக் குரல்

கும்மிடிப்பூண்டியில் வேலை செய்த இரும்பு ஆலையை விட்டு நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. சட்டைப்பையில் இன்னொருவனுடைய போன்.

என் அறையில் தங்கியிருந்தவன், என் சாடை துளியும் இல்லாதவன், பதினைந்து நாளுக்கு முன் ஒரு பகலில் டீ குடிக்கப் போனான். திரும்பவில்லை. போன் சார்ஜில் இருந்தது, செருப்பு வாசலில் இருந்தது. ஒப்பந்தக் கூலிகள் சொல்லாமல் போவது சகஜம் என்பதால் யாரும் தேடவில்லை. அன்று மதியம் ஒரு மணிக்கு அவன் அம்மா ஊரிலிருந்து போன் செய்தாள், நான் எடுத்தேன். "நைனா, சாப்ட்டியா?" அவளுக்குக் காது மந்தம். என்ன சொல்வதென்று தெரியாமல் "ம்" என்றேன். மகன் என்றே நினைத்துப் பேசிக்கொண்டே போனாள். தினமும் ஒரு மணிக்குப் பேசினாள், தினமும் "ம்" என்றேன். நேற்று அவனைப் போலவே தொண்டையைச் செருமினேன். வேண்டுமென்று செய்யவில்லை. அதன்பிறகு அந்த அறையில் இருக்க முடியவில்லை.

வெயிலுக்கு ஒதுங்க ஒரு தியேட்டரில் நுழைந்தேன்.

"பொம்மப் படம்ணா. கொயந்த எங்க?" என்றார் டிக்கெட் கொடுப்பவர்.

"ஏசிக்காக வந்தேன்."

"ஃபேனே அப்பப்போதான் சுத்துது. போய்க் குந்து. உன்னோட சேத்து நாலு பேரு."

படத்தில், இரை தேடப் போன தாய் அணில் திரும்பவில்லை. மரப்பொந்தில் மூன்று குஞ்சுகள். ஒரு மைனா தினமும் வெளியே உட்கார்ந்து, தாயின் குரலில் சொல்கிறது: "இதோ வந்துவிடுவேன், வெளியே வராதீர்கள்." குஞ்சுகள் சிரிக்கின்றன. ஒரு மணிக்குச் சட்டைப்பை அதிர்ந்தது. எடுக்கவில்லை.

கடைசியில் குஞ்சுகள் கண்டுபிடித்துவிடுகின்றன. சின்னது கேட்கிறது: "உன் சொந்தக் குரல் எது?" மைனா அலகைத் திறக்கிறது. ஒன்றும் வரவில்லை. இசையும் இல்லை. திறந்த அலகை அப்படியே காட்டிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் படத்தில் அப்படி ஓர் இடம் வைக்கத் துணிச்சல் வேண்டும். மைனாவை யாரும் மன்னிக்கவும் இல்லை. பிற்பாடு எத்தனையோ பேரிடம் இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவர்களில் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

வெளியே வந்து நானே போன் செய்தேன். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. "நான் உங்க புள்ள இல்லம்மா. அவரு போயி பதினஞ்சு நாளாவுது. பேசுனது நான்."

அந்தப் பக்கம் கோழி கொக்கரிக்கும் சத்தத்துக்கு நடுவில் அவள் கேட்டாள்:

"அப்போ சாப்ட்டியான்னு கேட்டது உன்னியா?"

"ஆமாம்மா."

"பாவி, மொத நாளே சொல்லியிருந்தா தேடியிருப்பேனே." மூச்சு வாங்கினாள். "போலீசுக்கு நான் போறேன். நீ தேடு. போட்டோ அந்த போன்ல கீதுல்ல?"

மறுநாள் காலை வள்ளூர் பக்கம் லாரிகளை எடை போடும் ஓர் எடைமேடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அனல்மின் நிலையச் சாம்பல் ஏற்றிய லாரிகள் அங்கே நின்றுதான் போக வேண்டும்; எந்த டிரைவராவது அவனைப் பார்த்திருக்கலாம். முதல் டிரைவருக்கு எடைச்சீட்டைக் கொடுத்துவிட்டு, போனில் இருந்த அவன் முகத்தைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னாப்பா வெளையாடுறியா? இது நீதான?"