பச்சைப் பட்டி

வேங்கிக்கால் ஏரிக்கரையைத் தாண்டும்போது தார் உருகிச் செருப்பில் ஒட்டி, ஒவ்வோர் அடிக்கும் ‘சப்’பென்று பிய்ந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர் மலை என் முதுகுக்குப் பின்னால் இருந்தது; நான் திரும்பிப் பார்க்கவில்லை. பத்தாம் வகுப்பில் தேறவில்லை என்று தெரிந்து இரண்டு நாள் கழித்து, பதினாறு வயதில், வேலூர் சாலையில் வடக்கே நடந்துகொண்டிருந்தேன். யாரும் விரட்டவில்லை. ஊரில் கால் தரிக்கவில்லை, அவ்வளவுதான். குனிந்தே நடந்ததால் என் காக்கிக் கால்சட்டையின் அடிப்பகுதி கண்ணில் பட்டுக்கொண்டே வந்தது. அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கோடுகள். நான் வளர வளர அப்பா மடிப்பைப் பிரித்துவிட்ட தடங்கள் அவை. மூன்றாவது கோட்டுக்குக் கீழே துணி வெயிலே படாமல் புதிதாக இருந்தது.

அப்பா தையற்காரர். தேரடி வீதியில் ஒரு பாத்திரக் கடையின் மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கும் இடத்தில், ஒரு மிஷினும் வெட்டுப் பலகையும் போட்டிருந்தார். எழுபதுகளின் நடுவில், ஊரில் இருந்த ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர்தான் யூனிபாரம் தைத்தார். ஊர்ப் பிள்ளைகளுக்குத் தைக்கிறவன் தன் பிள்ளையை வேறெங்கே அனுப்புவது என்று என்னையும் அங்கேயே சேர்த்துவிட்டார். என் உடுப்புகளில் மட்டும் ‘உள்மடிப்பு’ ஜாஸ்தியாக இருக்கும். நான் வளரப்போகிறேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

நான்காம் வகுப்பில் சுமை ஏறியது. ஐந்து நோட்டுகள், தினமும் ஐந்திலும் வீட்டுப்பாடம். ஓர் எழுத்து தப்பினால் அந்தச் சொல்லை ஐம்பது தடவை எழுத வேண்டும். பள்ளி விட்டதும் நேரே கடைக்கு வந்து, வெட்டுப் பலகைக்கு அடியில் உட்கார்ந்து எழுதுவேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது; பக்கம் நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். பாதி வெள்ளையாகக் கிடக்கும் பக்கம் அவருக்குக் கை வைக்காத சட்டை மாதிரி. நான் தூங்கி விழுந்தால் மிஷினை ஒரு மிதி வேகமாக மிதிப்பார், அந்தச் சத்தத்தில் எழுந்துகொள்வேன். காப்பி கொண்டுவரும் அம்மாவுக்கு இது பொறுக்காது.

“ஒம்போது வயசுப் புள்ள இது. கண்ணு ரெண்டும் உள்ள போயிடுச்சு பாருங்க.”

“எழுதட்டும். நாளைக்கு பேங்க்ல ஃபேனுக்குக் கீழ உக்காருவான், அப்ப வந்து கண்ணப் பாரு.”

“ஜாஸ்தி ஏத்துறீங்க. மாடா இருந்தா இந்நேரம் படுத்துக்கும்.”

“இவன் மாடு இல்ல, என் புள்ள.”

அந்தப் பள்ளியில் யார் எந்த வகுப்பு என்பதைச் சட்டைப் பையின் மேல் தைத்த கலர்ப் பட்டி சொல்லும். நான்காவதுக்கு மஞ்சள், ஐந்தாவதுக்குப் பச்சை. பரீட்சை முடிவு வந்த பிறகுதான் வீட்டுக்காரர்கள் சட்டையைக் கொண்டுவந்து பட்டி மாற்றிக்கொள்வார்கள். அந்தக் கோடையில் பச்சைத் துணியைப் பட்டி பட்டியாக வெட்டி வைத்த அப்பா, முடிவுக்குக் காத்திராமல் முதல் பட்டியை என் சட்டையில் தைத்துவிட்டார். கால்சட்டையிலும் ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டார். வந்தவர் போனவரிடமெல்லாம் “அஞ்சாவது போறான்” என்றார். கணக்குத் தாளில் பாதியை நான் தொடாமல் விட்டுவந்தது எனக்குத்தான் தெரியும். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. முடிவு ஒட்டுகிற நாளன்று அந்தச் சட்டையையே போட்டு அனுப்பினார்.

பலகையில் ஒட்டியிருந்த தாளை மூன்று தடவை பார்த்தேன். என் பெயர் இல்லை. பக்கத்தில் நின்ற பையன் என் சட்டைப் பையைப் பார்த்துவிட்டான்.

“டேய், பேரு நாலாவதுல, சட்டை அஞ்சாவதுல. ரெண்டு கிளாஸ்லயும் குந்துவானாடா இவன்?”

பட்டியைக் கையால் மூடிக்கொண்டே தேரடி வீதி வரை வந்தேன். அப்பா மிஷினை நிறுத்தினார்.

“இன்னாடா நெஞ்சப் புடிச்சிக்கினு வர்றே? வலிக்குதா?”

கையை எடுத்தேன். “பேர் இல்லப்பா.”

ரவிக்கை வாங்கக் காத்திருந்த பூக்காரம்மா, “புள்ளய அடிச்சிடாதீங்கண்ணே” என்றாள். அப்பா என்னைக் கிட்டே நிறுத்தி, சட்டையைக் கழற்றாமலே, அரை பிளேடால் தையலை ஒவ்வொன்றாக அறுத்தார். ஒரு நிமிஷத்து வேலைக்கு வெகுநேரம் பிடித்தது. பட்டி வந்துவிட்டது, ஊசித் துளைகள் வரிசையாக அப்படியே இருந்தன. அதன் மேல் கட்டை விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

“துணி மேல தப்பு இல்லம்மா. நான்தான் அளவெடுக்காம வெட்டிட்டேன்.”

பிறகு வெட்டுப் பலகைக்கு அடியில் கிடந்த என் புத்தகப் பையை முதல்முறையாகத் தூக்கிப் பார்த்தார். உடனே கீழே வைக்கவில்லை.

பள்ளி திறந்த அன்று என்னைக் கூட்டிக்கொண்டு வகுப்பு வாத்தியாரிடம் போனார்.

“சார், தெனமும் மூணு நோட்டு எழுதுவான். மீதி ரெண்டு மறுநாள். அதுக்கு மேல நான் உக்கார வைக்கமாட்டேன்.”

“மத்த பசங்கல்லாம் எழுதறாங்களேப்பா?”

“மத்த பசங்களுக்கும் நான்தான் தைக்கிறேன் சார். எல்லாரையும் ஒரே அளவுலயா தைக்கிறேன்?”

வாத்தியார் சிரித்துவிட்டார். ஒத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு மூன்றாவது நோட்டை மூடியதும் “போ, போய் ஆடு” என்பார். நான் தேர் நிற்கும் இடத்துக்கு ஓடிவிடுவேன். மறு ஆண்டு தேறினேன், சொல்லிக்கொள்ளும்படியான மார்க்கு ஒன்றும் இல்லை. இந்தத் தடவை அப்பா தானே வந்து பலகையில் என் பெயர் மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போய் மிஷினில் உட்கார்ந்தார். மஞ்சளை எடுத்த இடத்தில் பச்சைப் பட்டி பழைய துளைகளின் மேலேயே உட்கார்ந்து அவற்றை மறைத்துக்கொண்டது. அதன் பிறகு எந்த ஆண்டும் முடிவுக்கு முன்னால் அவர் ஊசி கோக்கவில்லை. ஆனால் உள்மடிப்பை மட்டும் கடைசி வரை கம்மி பண்ணவே இல்லை.

பத்தாவதில் தவறியபோதும் அவர் கேட்டது ஒன்றுதான்: “மறுபடி எழுதறியா?” இல்லை என்றேன். சற்று நேரம் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார், அளவெடுக்கிற பார்வை அது. “சரி, அந்தக் கால்சட்டையைக் கழட்டிக் குடு” என்றார். மீதமிருந்த கடைசி மடிப்பையும் பிரித்து, தேய்த்துக் கொடுத்தார். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.

இப்போது வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது, ஏரிக்கரை வரை வீடுகள். தேரடி வீதியில் அந்த மாடிப்படியை இடித்துவிட்டார்கள். யூனிபாரம் பிளாஸ்டிக் உறையில் வருகிறது, உள்ளே விரல் அகலம்கூட மடிப்பில்லை. பிள்ளைகளின் பை மட்டும் பெருத்திருக்கிறது.

அன்று கலசபாக்கம் பக்கம் வரை நடந்து, மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிப் போன லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு வேலூர் சேர்ந்தேன். மறுநாள் காலையில் மார்க்கெட் ஓரம் ஒரு தையல் கடையில் வேலை கேட்டேன்.

“இன்னா தெரியும் உனக்கு?” என்றார் கடைக்காரர்.

“பிரிக்கத் தெரியும்” என்றேன்.

ஒரு குவியல் பழைய கால்சட்டைகளையும் அரை பிளேடையும் என் பக்கம் தள்ளினார். துணி கிழியாமல் முதல் மடிப்பைப் பிரித்தேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வரை இருக்கச் சொன்னார்.