குனிந்தால் வெளியே வரும் கண்

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துவிட்டது. நான் எழுதவில்லை என்று யார் அழப்போகிறார்கள்? ஆனால் நேற்றுக் காலை முகம் கழுவக் குனிந்தபோது, இடது கண்ணுக்குப் பின்னாலிருந்து ஏதோ மெதுவாகத் தள்ளியது.

அந்தத் தள்ளல் எனக்குப் பழக்கம். கண்ணுக்குப் பின்னால் ரத்தக்குழாய் வீங்கியிருந்த காலத்தில், குனிந்தால் கண் பிதுங்கும், நிமிர்ந்தால் உள்ளே போய்விடும். அரியாங்குப்பத்தில் நான் அந்த வித்தையைக் காட்டாத தெரு இல்லை. கூட்டம் சேர்ப்பது என் நண்பன் வேலை.

"வாங்கண்ணே, வாங்க! கண்ணு வெளிய வருது பாருங்க!"

ஒருநாள் நிமிர்ந்த பிறகும் கண் உள்ளே போகவில்லை. பார்வையும் மங்கியது. ஆபரேஷன் செய்து, புருவத்துக்குக் கீழே தையல் போட்டு அனுப்பினார்கள்.

"முழுசா எடுக்க முடியல தம்பி," என்றார் டாக்டர். "பார்வை நரம்ப ஒட்டிக்கிட்டு கெடக்கு. திரும்ப வந்துச்சுன்னா இன்னொரு வாட்டி கை வெக்கிறது கஷ்டம், பார்வையே போயிடலாம். வெயிட்டு மட்டும் தூக்காத."

சேதராப்பட்டு கம்பெனியில் நானும் நண்பனும் ஒரே பேக்கிங் மேசை. அதற்குப் பிறகு என் பெட்டிகளையும் அவனே தூக்கினான். நான் டேப் ஒட்டினேன்.

"மாப்ள, கழுதை வேசம் உனக்கு நல்லா பொருந்துதுடா."

"வாய மூடிட்டு ஒட்டுடா, பெரிய ராசா."

போன வாரம் அவனை வேறு ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவனிடம் கண்ணைப் பற்றிச் சொன்னால் சூப்பர்வைசர் காதுக்குப் போகும். சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் வேலை போகும். பெட்டிகளை நானே தூக்கினேன்.

கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்றால் என் கண் ரொம்ப யோக்கியம். அதனால் நேற்று போனைத் தரையில் மல்லாக்கப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு, அதன்மேல் குனிந்தேன். முதலில் ஒன்றுமில்லை. நான் சிரிக்கக்கூடச் செய்தேன். அப்புறம் பால் பொங்கி வருவதுபோல் இமை மெல்ல மேலெழுந்தது. அதன் பின்னாலேயே கண்ணும் வந்தது. நிமிர்ந்ததும், ஒன்றுமே நடக்காததுபோல் உள்ளே போனது.

வீடியோவை நண்பனுக்கு அனுப்பினேன். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. கை பழக்கத்தில் கிண்டலையே எழுதியது.

"மாப்ள, ஆபரேசனுக்கு முன்னாடி எடுத்த பழைய வீடியோ கெடச்சுது. பாத்து சிரி."

பார்த்துவிட்டான் என்று நீல டிக் காட்டியது. பிறகு ஒரே ஒரு வரி வந்தது.

"பழசுன்னா, புருவத்துக்குக் கீழ தையல் தழும்பு எப்பிட்றா வந்துச்சு?"