கிணறு நிறைந்த வீடு

மேடவாக்கத்தில் வாடகைக்கு இருந்த அபிதகுஜாம்பாள் டீச்சருக்குத் தண்ணீர் லாரி என்றாலே ரத்தம் கொதிக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்கோடு மல்லுக்கட்டு, தெருவில் குடத்தோடு மல்லுக்கட்டு என்று பாதி ஆயுசு போய்விட்டது. சொந்த வீடென்றால் தண்ணீருள்ள இடத்தில்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மற்றவர்கள் வீடு பார்க்கப் போனால் பத்திரத்தைக் கேட்பார்கள். நம் டீச்சர் கிணற்றைக் கேட்பாள்.

2004 கோடையில் அப்படியொரு வீடு அகப்பட்டது. வண்டலூரைத் தாண்டி, குன்றுகளுக்கு நடுவே ஓர் ஏரி. அதை ஒட்டியே வீடு. ஊரே தண்ணீருக்கு அல்லாடிய சித்திரையில், அங்கே கிணற்றில் குனிந்தால் கைக்கு எட்டியது. ஒரு வாய் குடித்துப் பார்த்தாள், சொக்கிப் போனாள். கொக்குச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. அவள் முகத்தைப் பார்த்ததுமே கணவர் யக்ஞநாராயணன் முடிவு செய்துவிட்டார். இருவரும் ஆயுசுக்கும் சேர்த்ததெல்லாம் அந்த வீட்டுக்குப் போகப்போகிறது. வீட்டுக்காரர் சத்தியநாதன் கூடத்தில் வெற்றிலைத் தட்டை எடுத்து வைத்தார், முன்பணத்தை வாங்கிக்கொள்ள.

சத்தியநாதனின் மனைவி ரத்தினபாய், குங்குமம் கொடுக்க டீச்சரை உள்ளே அழைத்தாள். டீச்சர் கண் சும்மா இருக்குமா? அரிசி டின் பரணில் இருந்தது. கீழ் அலமாரி முழுக்கக் காலி. கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல். சுவரில் இடுப்பளவுக்கு மட்டும் புதுச் சுண்ணாம்பு.

"மழைக்காலத்துல இங்க எப்படிம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

குங்குமம் தொட்ட விரல் அவள் நெற்றிக்கு முன்னால் அப்படியே நின்றது. கூடத்தில் ஆண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ரத்தினபாய் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"குங்குமத்த கையில வெச்சிகினு பொய் சொல்ல மனசு வரலக்கா. ஐப்பசியில ஏரி ரொம்பினா தண்ணி வூட்டுக்குள்ள வந்துடும். கட்டில் மேல அடுப்ப வெச்சித்தான் சமைப்போம். இத வித்தாத்தான் நாங்க வெளிய போக முடியும். நான் சொன்னேன்னு தெரிஞ்சா அவரு என்ன சும்மா வுடமாட்டாரு."

டீச்சர் நெற்றியில் குங்குமத்தோடு கூடத்துக்கு வந்தாள். கணவரின் கை பைக்குள் போய்விட்டிருந்தது.

"ஏன்னா, வேண்டாம். வாசல் தெக்கு பாத்துண்டிருக்கு. நமக்குச் சரிப்படாது" என்றாள்.

வாஸ்து பார்ப்பவர்களை வாழ்நாளெல்லாம் கிண்டலடித்தவள் அவள். யக்ஞநாராயணன் வாயைப் பிளந்தார். சத்தியநாதனோ டீச்சரைப் பார்க்கவில்லை. உள்ளறைக் கதவைப் பார்த்தார்.

"உள்ள இன்னா பேசிகினு இருந்தீங்க?"

"சாம்பார்ப் பொடிக்கு என்னென்ன போடுவேள்னு கேட்டேன்."

பின்னாலேயே வந்திருந்த ரத்தினபாய் தலை நிமிராமல் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பஸ் ஏறிய பிறகுதான் டீச்சர் கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

மறுவருஷம் ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியது. அந்த ஏரிக்கரை வீடு இன்னும் விலை போகவில்லை என்று வீட்டுத் தரகர் முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார். சத்தியநாதன் வீட்டு எண்ணுக்கு டீச்சர் காலையிலிருந்து போன் போட்டுக்கொண்டிருந்தாள், இணைப்பே கிடைக்கவில்லை. யக்ஞநாராயணன் ஜன்னலருகே காபியோடு நின்று மழையைப் பார்த்தார்.

"நல்லவேளை, தப்பிச்சோம்" என்றார்.

"அப்படிச் சொல்லாதேங்கோ" என்றாள் அவள். "நம்மளைத் தப்பிக்க விட்டவ அங்கதான் இருக்கா."