சுரங்க வாசலில் கேட்ட வயது

என் பிள்ளைகள் இருவரும், அன்றைக்கு எங்களோடு வந்த மற்ற பிள்ளைகளும் கொஞ்சம் வளர்ந்த பிறகு படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். தமிழ் வாசிக்க வராத பிள்ளைக்கு அம்மாவோ அப்பாவோ வாசித்துக் காட்டலாம். காட்டுவார்களா என்பது சந்தேகம்தான். இதில் அவர்களும் வருகிறார்கள்.

நான் பன்னிரண்டாவது முடித்து ஐ.டி.ஐ. படித்தவன். நியூ ஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக் பக்கம் மளிகைச் சாமான் கிடங்கில் வேலை. என் மனைவி நன்றாகப் படித்தவள், பார்சிப்பனியில் ஆபீஸ். எங்கள் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. அதை நடத்துகிறவர் என்னைவிட வயதில் சின்னவர். ஆனாலும் நான் உட்பட எல்லோரும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். பொங்கல் விழாவா, ஆப்பிள் பறிக்கப் போவதா, எல்லாம் அவர் ஏற்பாடுதான். குறை சொல்ல முடியாது, நன்றாகவே செய்வார். என் மனைவி தினமும் ஆபீஸ் போய் வந்ததும் அவர்கள் வீட்டுக் காரில்தான்.

இந்த வருஷம் வசந்தத்தில் அவர் ஏற்பாடு செய்தது ஒரு சுரங்கம். உலகப் போர் நடந்த காலத்தில், எதிரிக் கப்பல் நியூயார்க் துறைமுகத்துக்குள் நுழைந்துவிடக் கூடாது என்று நியூ ஜெர்சி கடற்கரையில் பீரங்கிகளை வைத்து, அவற்றுக்கு அடியில் கான்கிரீட்டில் அறைகளும் பாதைகளும் கட்டி, மேலே மணலைப் போட்டு மூடியிருக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் போய் மதியத்துக்குள் பார்த்துவிடலாம். கூடவே வந்து விளக்கிச் சொல்ல ஒரு கைடு. ஒரே ஒரு விதி இருந்தது. கீழ்த்தளத்துக்குப் பத்து வயது ஆகாத பிள்ளைகளை விடமாட்டார்கள்.

அந்த விதியைப் பற்றி அண்ணா குழுவில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். "பசங்க வயசு கேட்டா டென்னுன்னு சொல்லிடுங்க. ஐடி எல்லாம் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. டென், அவ்ளோதான் மேட்டர்." கீழே வரிசையாகக் கட்டைவிரல் படங்கள் விழுந்தன.

பிள்ளைகளே, உங்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஊரில் பஸ்ஸில் கண்டக்டர் பக்கத்தில் வந்ததும் பிள்ளையை மடியில் தூக்கி உட்கார வைத்துக்கொள்வார்கள். அரை டிக்கெட்டுக்கும் வயது ஆகவில்லையாம். நின்றுகொண்டிருக்கும் பிள்ளையை முழங்காலை மடக்கச் சொல்வார்கள். கண்டக்டருக்கும் தெரியும். பிள்ளைக்கும் தெரியும். அங்கே கையில் காசில்லை, செய்தார்கள். இங்கே வீடும் காரும் வாங்கியாகிவிட்டது, பழக்கம் மட்டும் விடவில்லை. அங்கே குறைத்ததை இங்கே கூட்டுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் மகளுக்கு எட்டு வயது. கடலுக்குப் போகும் வழியில் காரில் அவள் அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். "கண்ணா, யாராவது உன் வயசு கேட்டா டென்னுன்னு சொல்லு, சரியா?"

"வொய்?"

"சும்மாதான். உள்ள விடறதுக்கு."

"பட் ஐ ஆம் எய்ட்."

மகன் பெரியவன், பதிமூன்று வயது. காதில் மாட்டியிருந்த இயர்போனைக் கழற்றாமலே, "ஜஸ்ட் சே இட். இட்ஸ் ஆன் இண்டியன் திங்" என்றான்.

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. "பாப்பா, உன்னைக் கேட்டா உன் வயசச் சொல்லு" என்றேன். மனைவி என்னைப் பார்த்தாள். "எல்லாரும் ஒரு மாதிரி சொல்லும்போது நாம மட்டும் தனியா நிக்கணுமா?" என்றாள். பின்சீட்டில் மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேரில் யார் சொல்வதைக் கேட்பது என்று ஒரு குழந்தையை யோசிக்க வைத்தோம் பாருங்கள், அதிலிருந்தே என் கோபம் ஆரம்பிக்கிறது.

சுரங்கத்தின் வாசல் ஒரு மணல்மேட்டின் விலாவில் இருந்தது. துருப்பிடித்த இரும்புக் கதவு, அதைச் சுற்றிக் கறுத்துப்போன கான்கிரீட். கைடு வயதான வெள்ளைக்காரர், வெள்ளை மீசை. சம்பளம் வாங்காமல் வந்து செய்கிறவராம். எல்லோருக்கும் ஒரு ஹெல்மெட்டும் சின்ன டார்ச்சும் கொடுத்தார். ஹெல்மெட் எல்லாம் பெரிய ஆட்களின் அளவு. என் மகள் தலையில் வைத்ததும் அது மூக்குவரை இறங்கியது. அண்ணாவின் மகனுக்கும் அதே கதை. அண்ணா தன் கைக்குட்டையை மடித்து அவன் ஹெல்மெட்டுக்குள் திணித்து உட்கார வைத்தார். "எப்படி நம்ம மிலிட்டரி டெக்னிக்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கைடு என் மகளிடம் வந்து குனிந்து, ஹெல்மெட்டின் வாரை இழுத்துப் பார்த்தார். இழுக்க இன்னும் இடமில்லை. சிரித்த முகமாக, உனக்கு என்ன வயது என்று கேட்டார்.

பின்னாலிருந்து அண்ணா, "ஷீ இஸ் டென், சார். டென் ஒன்லி" என்றார்.

கைடு திரும்பவில்லை. இந்தப் பெண்ணைத்தான் கேட்டேன் என்று மரியாதையாகவே சொன்னார்.

மகள் ஹெல்மெட்டைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எய்ட்" என்றாள்.

அதன் பிறகு அவர் வரிசையைப் பார்த்தார். ஒவ்வொரு சின்னப் பிள்ளையிடமும் போய், அதட்டாமல், அதே கேள்வியைக் கேட்டார். அண்ணாவின் மகன் தன் அப்பாவை நிமிர்ந்து பார்த்தான். ஹெல்மெட்டுக்கு வெளியே கைக்குட்டை முனை நீட்டிக்கொண்டிருந்தது. "எய்ட் அண்ட் எ ஹாஃப்" என்றான். இன்னும் இரண்டு பிள்ளைகளும் உள்ளதைச் சொன்னார்கள். கைடு பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மேல்தளத்தை எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம். கீழே செங்குத்தான இரும்பு ஏணி இருக்கிறது, தலையில் இடிக்கிற குழாய்கள் இருக்கின்றன. அந்த நான்கு பிள்ளைகளும் ஒரு பெரியவரோடு மேலேயே இருக்கட்டும் என்றார். அவ்வளவுதான் நடந்தது. யாரையும் திருப்பி அனுப்பவில்லை, யாரையும் அவமானப்படுத்தவில்லை.

உள்ளே நல்ல குளிர். நடைபாதையின் கூரையில் நீளமாக இரும்புத் தண்டவாளம் ஓடியது. ஆள் தூக்க முடியாத குண்டுகளை அதில் தொங்கவிட்டுத் தள்ளிக்கொண்டு போவார்களாம். சுவரில் படுக்கை மாட்டிய கொக்கிகள். எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கீழே ஓர் அறையில் சிப்பாய்கள் டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு, கப்பல் எங்கே வரும் என்று கணக்குப் போட்டபடி இருப்பார்களாம். போர் முடியும்வரை அப்படியே காத்திருந்தார்கள், எதிரிக் கப்பல் மீது இந்தப் பீரங்கி ஒருமுறைகூடச் சுடவில்லை என்று கைடு சொன்னார்.

"நம்ம பெஞ்ச் மாதிரி. சம்பளம் வரும், ப்ராஜெக்ட் வராது" என்று ஐ.டி. கம்பெனியில் இருக்கும் ஒருவர் சொல்ல, சுரங்கமே அதிரச் சிரித்தார்கள். கைடுக்கு ஒன்றும் புரியவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஏணி வந்தது. மேலே யார் இருப்பது என்ற பேச்சு எழுந்ததும் அண்ணா என் தோளைத் தட்டினார். "உங்க பொண்ணோட தீர்ப்புதானே பாஸ். நீங்களே பாத்துக்கங்க." ஓர் ஆன்ட்டி என் மகளின் கன்னத்தைக் கிள்ளி, "என்ன ஜட்ஜம்மா, எல்லாருக்கும் ஜெயில் குடுத்துட்டீங்க போல?" என்றார். என் மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். என் மனைவியும் மகனும் மற்றவர்களோடு இறங்கிப் போனார்கள்.

நான்கு பிள்ளைகளும் நானும் அந்தக் கூடத்தில் இருந்தோம். அண்ணாவின் மகன் என் பக்கத்தில் வந்து நின்று, "அங்கிள், இஸ் மை டாட் மேட் அட் மீ?" என்று கேட்டான்.

"உன் மேல எதுக்குப்பா கோபம்?" என்றேன்.

அவன் ஏணித் துவாரத்தைத் திரும்பிப் பார்த்தான். தனக்கு அதில் இறங்கவே பிடிக்கவில்லை, பயமாக இருந்தது, அப்பாவிடம் சொல்லாதீர்கள் என்று இங்கிலீஷில் சொன்னான். சொல்ல மாட்டேன் என்றேன். இதுவரை சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் நான்கு பேரும் டார்ச் வெளிச்சத்தில் சுவரில் நாய், முயல் எல்லாம் காட்டி, எதிரொலிக்காகக் கத்தி, ஒரே கும்மாளம். எந்தப் பிள்ளைக்கும் எந்த நஷ்டமும் இல்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கிப் போனவர்கள் மேலே வந்த பிறகு வெளியே மேஜைகளில் சாப்பாடு. கடல் காற்றில் ஃபாயில் தட்டுகள் பறக்கப் பார்த்தன. புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், தயிர் சாதம். கைடு தனியாக ஹெல்மெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து, ஒரு கை பிடிக்கலாம் என்று நான் அவரோடு ஷெட்வரை போனேன்.

திரும்பி வந்தபோது என் மகள் மேஜைகளுக்கு நடுவில் அண்ணாவின் மகன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். "ஐ ஆம் சாரி" என்றாள். அந்தப் பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிலர் கை தட்டினார்கள். "அவ்ளோதான். சமத்து" என்றார் அண்ணா.

எனக்குக் காது இரண்டும் சுட்டது. "எதுக்கு சாரி?" என்று கேட்டேன்.

"அட விடுங்க பாஸ், பசங்க மேட்டர். என் பையன் கீழ போக முடியலன்னு அப்செட் ஆயிட்டான், அதான்."

"எம்பொண்ணு என்ன தப்புப் பண்ணுனா?"

"தப்புன்னு யார் சொன்னா? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிருக்கலாம். எட்டு வயசுக் கொழந்த, அதுக்கு என்ன தெரியும்?"

"அவளுக்கு எட்டுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத்தான் பத்துன்னு தோணியிருக்கு."

யாரோ லேசாக இருமினார்கள். ஜட்ஜம்மா என்று சொன்ன ஆன்ட்டி, "சாப்பிடற எடத்துல எதுக்குங்க இதெல்லாம்?" என்றார்.

"அந்த சாரியத் திருப்பிக் குடுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு விசித்திரமான பேச்சு என்று எனக்கே தெரிந்தது. ஆனால் பின்வாங்க மனம் வரவில்லை.

அண்ணா சிரித்தார். "என்ன பாஸ், ஆன்லைன் ரிட்டர்னா?"

"ஆமாங்க, ரிட்டர்ன்தான். சாரி சொல்ல வேண்டியது நீங்க. உங்க பையன்கிட்ட சொல்லணும், எம்பொண்ணுகிட்ட சொல்லணும்."

அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "எங்கிட்ட ஏன் கத்தறீங்க? உங்க மிஸஸ்தான் பாப்பாவ சாரி சொல்லச் சொன்னாங்க. அவங்கள கேளுங்க."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் காலியான ஃபாயிலை மடித்து, இன்னும் மடித்து, சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். நான் பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு, மகளின் கையைப் பிடித்தேன். மகன் கூப்பிடாமலே எழுந்து வந்தான். நாங்கள் கொண்டுபோன தயிர் சாதப் பாத்திரம் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அது இன்றுவரை வரவில்லை.

கார் ஹைவேயில் ஏறியது. பிறகு மனைவி சொன்னாள்: "திங்கக்கிழமை காலைல நான் அவங்க கார்லதான் ஆபீஸ் போகணும். அதை யோசிச்சீங்களா?"

"யோசிக்கல."

"நான் யோசிச்சேன். ஒரு சாரியில முடிஞ்சிரும்னு நினைச்சேன்."

"உன் சாரின்னா நீ சொல்லியிருக்கணும். எதுக்கு அவளச் சொல்ல வெச்ச?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் இன்னும் ஏதேதோ சொன்னேன். காரை ஓட்டிக்கொண்டு அவ்வளவு சத்தமாகப் பேசியிருக்க வேண்டாம். பேசினேன்.

பின்சீட்டிலிருந்து மகள் கேட்டாள். இப்போது நான் சாரியா, சாரி இல்லையா என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"இல்ல பாப்பா" என்றேன்.

"ஐ ஆஸ்க்ட் அம்மா" என்றாள்.

ஒரு எக்ஸிட் போனது, இன்னொன்று போனது. பிறகு அவள் அம்மா சீட் பெல்ட்டை இழுத்துக்கொண்டு முழுவதுமாகப் பின்னால் திரும்பினாள். "நீ சாரி இல்லடா. நீ கரெக்டாத்தான் சொன்ன. காலைல நான் சொல்லிக் குடுத்ததுதான் தப்பு. அங்க சாரி சொல்ல வெச்சதும் தப்பு."

"ஓகே" என்றாள் மகள். மகன் காதில் இருந்ததைக் கழற்றி மடியில் வைத்தான். தானும் காலையில் தப்பாகச் சொல்லிவிட்டதாகத் தங்கையிடம் முணுமுணுத்தான். அவள் அவனுக்கும் ஓகே சொன்னாள்.

திங்கட்கிழமை என் மனைவி தனியாக டிரைவ் பண்ணிக்கொண்டு ஆபீஸ் போனாள். இன்றும் அப்படித்தான் போகிறாள். அண்ணா சாரி சொல்லவில்லை, இனிமேல் சொல்வார் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை. குழுவில் அந்தச் சுரங்கத்துப் படங்கள் வந்தன, கண்ணிலும் கருத்திலும் நிறைந்த நாள் என்று எழுதியிருந்தார்கள். நான் குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டேன். இதற்குப் போய் இவ்வளவு கோபமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஆமாம், இதற்குத்தான். ஒரு பிள்ளை தன் வயதைச் சொன்னதற்காக அவளைப் பத்துப் பேர் நடுவில் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். கேட்க வைத்தவர்கள் எல்லோரும் அன்று அதே கேள்விக்குப் பொய் சொல்லத் தயாராக வந்தவர்கள்.

கடைசியாக, அன்று கைக்குட்டை திணித்த ஹெல்மெட்டோடு நின்ற பையா, இதை நீ என்றைக்காவது படித்தால் உனக்கும் சொல்கிறேன். என் கோபம் உன் மேல் இல்லை. உன் அப்பா பின்னால் நின்றுகொண்டிருக்கும்போதே நீ உன் வயதைச் சரியாகச் சொன்னாய். அது என் மகள் சொன்னதைவிடக் கஷ்டம். உன்னிடமும் சாரி கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. அன்று மேஜையை விட்டு எழுந்து வரும்போது உன்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அவசரத்தில் வந்துவிட்டேன்.