லைன் நின்றபோது

ஒரகடம் கார் பாக ஆலையில் நான் லைன் லீடராக இருந்தபோது, எங்கள் மேனேஜராக ஒரு அம்மாள் இருந்தார். கொரிய அதிகாரி எவ்வளவு கத்தினாலும் தலையைச் சாய்த்து, பாட்டுக் கேட்பதுபோல் நிற்பார்.

ஒருநாள் பிரேக் பாகங்களில் மயிரிழை விரிசல் கண்டதும் உற்பத்தி லைனையே நிறுத்திவிட்டார். அதிகாரி கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

"வேலையே பூடும் மேடம், ஓட வுட்ருங்க," என்றேன்.

"அந்த வண்டில யாரு போவப் போறாங்களோ," என்றார்.

இயந்திரங்கள் ஓய்ந்ததும் தகரக் கூரைமேல் மழை கேட்டது. காலையிலிருந்தே பெய்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. அதிகாரியும் பேச்சை விட்டு அண்ணாந்தார். பிறகு விரிசல் விட்ட பாகம் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரமே அம்மாளை வேறு ஆலைக்கு மாற்றினார்கள்.

"புரமோஷனா, தண்டனையா மேடம்?" என்றேன்.

"எனக்கே தெரியலப்பா," என்று சிரித்தபடி பஸ் ஏறினார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.