இஸ்திரி வண்டியில் நின்றுபோகும் பாட்டு

தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு எனக்குப் பாட்டு போனது. வாய்க்கொழுப்பு மட்டும் போகவில்லை. பத்து வருஷம் மேடை, கேசட், கைதட்டல் என்று இருந்தவள், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அல்சூரில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்து ஒதுங்கினேன். பெங்களூரில் அது எனக்கு மூன்றாவது வீடு. முதல் இரண்டையும் ஒரே கேள்விதான் காலி பண்ண வைத்தது. யாராவது அடையாளம் கண்டுபிடித்து, "ரெண்டு வரி பாடுங்களேன்" என்பார்கள். நல்ல மனசோடுதான் கேட்பார்கள். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. இங்கேயும் தெரிந்துவிட்டால் எங்கே போவது என்ற பயத்தில் யாருக்கும் முகம் கொடுக்காமல் இருந்தேன்.

தெருமுனைப் புங்கமரத்தடியில் ஒருவர் இஸ்திரி வண்டி போட்டிருந்தார். வண்டிக்கு அடியில் டேப் ரெக்கார்டர். தூரத்தில் வரும்போதே ஏதோ பாட்டு ஓடுவது தெருவில் போகும் வண்டிகளின் சத்தத்துக்கு நடுவே லேசாகக் கேட்கும். நான் தலையைக் காட்டினால் போதும், டக்கென்று நிறுத்திவிடுவார். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, எட்டு வருஷம்! ஒருமுறை கேட்டேவிட்டேன்: "ஏம்ப்பா, என்னைப் பார்த்ததும் பாட்டை நிறுத்துறியே, என் மூஞ்சி என்ன எழவு வீடு மாதிரியா இருக்கு?"

"ஐயோ, சும்மாதான் மேடம், பேட்டரி வீக்கு."

எட்டு வருஷமாக ஒரே பேட்டரியா என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ஒரு மத்தியானம் சிவாஜிநகர் போய்விட்டுத் திரும்பினால், எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பின்சந்து வழியாக வந்தேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தார். டேப்பில் ஓடியது என் பாட்டு. என் பழைய குரல்.

வண்டிப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் திரும்பிப் பார்த்தார், இஸ்திரிப் பெட்டியை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு டேப்பை அணைத்தார்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றேன்.

"நீங்க குடிவந்த மாசமே மேடம். மூஞ்சி தெரியல, புடவை தெரிஞ்சுது." கேசட் அட்டையை நீட்டினார். அதில் நான், கடுகு நிறப் பட்டில். குடிவந்த மாதம் அவரிடம் தேய்க்கக் கொடுத்த அதே பட்டு. "பார்டர் மயிலுல ஒண்ணு மட்டும் திரும்பி நிக்கும், பாருங்க. நெசவுல வந்த தப்பு. வேற புடவையில இருக்காது. உங்க தொண்டை ஆபரேஷன் சேதி முன்னாடியே பேப்பர்ல படிச்சிருந்தேன். வீட்ல சொன்னேன். குரல் போனவங்க காதுல இது விழுந்தா நோகும், நிறுத்திடுன்னு என் சம்சாரம்தான் சொன்னா. அவங்களைப் பாடச் சொல்லி யாரும் கேக்கக் கூடாதுன்னு தெரு பூரா சொல்லி வெச்சதும் அவதான்."

பால் ஊற்றும் அம்மா, மாடி வீட்டுக்காரர்கள், எதிர்க்கடைக்காரர், ஒருத்தர் வாயிலிருந்தும் அந்தக் கேள்வி வந்ததில்லை. என் சாமர்த்தியத்தால் ஒளிந்திருப்பதாக நினைத்திருந்தேன், மடச்சி. அத்தனை பேர் சேர்ந்து என்னை ஒளித்து வைத்திருந்தார்கள். இப்படி ஒரு தெருவில் குடியிருக்க என்ன புண்ணியம் பண்ணினேனோ! நடுத்தெரு என்றும் பார்க்காமல் அழுதேன்.

அவர் பயந்துவிட்டார். "வீடு மாத்திடாதீங்க மேடம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டிப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"ரெண்டு வரி போடுப்பா," என்றேன்.