பஸ் ஹார்னும் அப்பாவின் ஜெபமும்

வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போக வந்த கார் வாசலில் ஹார்ன் அடித்தது. என் ஸ்கேன் முடிவு வந்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அந்தச் சத்தம் என்னைப் பழைய தென்காசி வீட்டுக்குள் தள்ளிவிட்டது.

அங்கே ஜெபிக்காமல் யாரும் ஊருக்குக் கிளம்பக் கூடாது. சாரலில் நனைந்த செருப்புகளுக்குப் பக்கத்தில் எல்லோரும் முழங்கால் போடுவோம். சொந்தக்காரர் ஒவ்வொருவருக்காகவும் பெயர் சொல்லி அப்பா ஜெபிப்பார். குற்றாலத்திலிருந்து வரும் பஸ் தெருமுனையில் ஹார்ன் அடித்தாலும் நிறுத்த மாட்டார். எத்தனையோ பஸ்ஸை விட்டிருக்கிறோம். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருநாள் பக்கவாதம் வந்து அப்பாவின் பேச்சு நின்றுபோனது. அடுத்த வாரம் நான் காலேஜ் ஹாஸ்டலுக்குக் கிளம்பியபோது வழக்கம்போல முழங்கால் போட்டோம். யாரும் ஆரம்பிக்கவில்லை. ஹார்ன் கேட்டது. அதுவரை ஆமென் மட்டுமே சொல்லிவந்த அம்மா, கண்ணைக்கூட மூடாமல் சொன்னாள்:

"ஆண்டவரே, எனக்கு ஜெபிக்கத் தெரியல. பஸ் வந்துட்டு. நீரும் பிள்ளகூட ஏறிக்கிடும்."

அன்றைக்கு பஸ் கிடைத்தது.

வாசலில் மறுபடியும் ஹார்ன். பெட்டியோடு நின்ற என் கணவர் என்னைப் பார்த்தார். நேற்றிலிருந்து ஜெபிக்க ஒரு வார்த்தையும் வராத நான் முழங்கால் போட்டேன்.

"ஆண்டவரே, கார் வந்துட்டு," என்றேன். "ஏறிக்கிடும்."